சங்கமத்துக்குக் கீழே

நவம்பர் 8, வெள்ளி

தூண்டில் சங்கத்துப் பதிவேட்டில் நான்கு கட்டங்கள்தான் உண்டு: தேதி, லைசென்ஸ் எண், பிடித்த மீன், வானிலை. ஒரு மனிதனைப் பார்த்தால் எனக்கு என்ன தோன்றுகிறது என்பதை எழுத அதில் கட்டம் இல்லை. பதினாறு வருடமாகக் கோரக்கல் ஆற்றுக்குக் காவலாக இருக்கிறேன். முதலில் தோன்றியது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது. அதற்காகத்தான் இந்தத் தனி நோட்டு.

இன்று மத்தியானப் பஸ்ஸில் ஒருவர் வந்து இறங்கினார். பெயர் தங்கையா. நாகர்கோவில்காரர். ராணுவத்தில் பல் டாக்டராக இருந்தவராம், வயது அறுபத்து மூன்று. தூண்டில் சங்கத்தின் லைசென்ஸை நவம்பர் முப்பதுவரை எடுத்திருக்கிறார். முப்பதோடு ஆற்றை மூடிவிடுவோம், ட்ரவுட் மீன் முட்டையிட மேலேறும் காலம் அது. சாதாரணமாக வருகிறவர்கள் இரண்டு நாள் தங்குவார்கள், போட்டோ எடுப்பார்கள், மீனைப் பொரிக்கச் சொல்லித் தின்றுவிட்டுப் போவார்கள். மூன்று வாரத்துக்குத் தனியாக, காரும் இல்லாமல் வந்த ஆளை நான் பார்த்ததில்லை.

பூட்டுப் போட்ட மரப்பெட்டி ஒன்று வைத்திருந்தார். என்னவென்று கேட்டேன். தயங்காமல் திறந்து காட்டினார். சேவல் இறகு, மயில் இறகு, முயல் முடி, பட்டு நூல், அரிசி அளவுக் கொக்கிகள். இவற்றைக் கட்டித்தான் மீனை ஏமாற்றும் பொய் ஈ செய்வாராம். தயங்காமல் திறக்கிறவன் வேறெங்கோ மறைத்திருப்பான்.

நவம்பர் 10, ஞாயிறு

காலை ஏழரைக்குப் பெட்டிப்பாறை மடுவில் நின்றார். நான் சீகை மரங்களுக்குப் பின்னால் நின்றேன்.

கை சுத்தம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தூண்டில் கோலைப் பின்னால் கொண்டுபோய், கயிறு காற்றில் முழுதாக நீளும்வரை காத்திருந்து, அப்புறம் முன்னால் விடுகிறார். ஈ தண்ணீரில் விழுகிற சத்தமே இல்லை. சருகு விழுவதுபோல் விழுந்து, நீரோட்டத்தோடு இறங்கி வருகிறது. நாலாவது வீச்சில் ஒரு மீன் எடுத்தது. முக்கால் கிலோவுக்குக் குறையாது, பக்கவாட்டில் அந்த ரோஸ் பட்டை தெளிவாகத் தெரிந்தது. கையை நனைத்துக்கொண்டு மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து, கொக்கியை எடுத்து, அது மூச்சு வாங்கும்வரை ஓட்டத்துக்கு எதிராக முகத்தைக் காட்டி வைத்திருந்து, விட்டுவிட்டார்.

ஒன்பது மணிக்குள் ஐந்து மீன். ஐந்தையும் விட்டார்.

நான் வெளியே வந்து ஏன் என்று கேட்டேன். கொக்கியைக் காட்டினார். அதன் முள்ளைக் குறடால் நசுக்கி மழுக்கியிருந்தார்.

“பிடிக்கறதுக்குத்தான் வந்தேன். கொல்றதுக்கு இல்ல” என்றார்.

நாகர்கோவிலிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, குளிரில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பிடித்ததை விட்டுவிட்டுப் போகிற மனிதனுக்கு வேறு ஏதோ காரியம் இருக்க வேண்டும்.

மதியத்துக்குமேல் குமரேசனுக்குப் பாசனக் குழாய் தூக்கிக் கொடுத்தேன். குமரேசன் என் மனைவி மரகதத்தின் தம்பி. திருப்பூரில் இரண்டு கம்பெனி மாறி, ஒன்றும் சரிப்படாமல் போன வருடம் இங்கே வந்தான். எங்கள் குவார்ட்டர்ஸை ஒட்டி ஓடுகிற ஓடையின் மேல்பக்கம் நிலம் பிடித்துக் கேரட் போட்டிருக்கிறான். பயிர் நன்றாக வந்திருக்கிறது. மரகதம் வெகுநாளைக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்தபடி சமைத்தாள்.

நவம்பர் 11, திங்கள்

முதல் உறைபனி. புல் எல்லாம் உப்புத் தூவியதுபோல் இருந்தது.

நவம்பர் 13, புதன்

இந்த டாக்டர் கேள்வி அதிகம் கேட்கிறார். குவார்ட்டர்ஸ் ஓடை எங்கிருந்து வருகிறது, ஆற்றில் சேரும் இடத்தில் ஆழம் எவ்வளவு, மேலே என்ன இருக்கிறது என்றெல்லாம். மேலே காடு என்று சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. போகப்போகக் காடுதான்.

மீன் பிடிக்க வந்தவனுக்கு ஓடையைப் பற்றி என்ன?

நவம்பர் 16, சனி

இன்று கையும் களவுமாகப் பார்த்தேன். கோலைப் பாறையில் சாத்திவிட்டு, ஓடை ஆற்றில் சேரும் சங்கமத்துக்குக் கீழே முழங்கால் தண்ணீரில் குனிந்து கல் புரட்டிக்கொண்டிருந்தார். கல்லின் அடியிலிருந்து எதையோ தூரிகையால் தள்ளிச் சிறு பாட்டிலுக்குள் விட்டார். பாட்டிலில் ஏற்கெனவே நிறமில்லாத ஏதோ திரவம். இதேபோல் இன்னும் சில பாட்டில்கள்.

கேட்டதற்கு, கல்லடியில் பூச்சிக்குஞ்சுகள் இருக்கும், மீன் அவற்றைத்தான் தின்கிறது, எந்தப் பூச்சி இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதேபோல் ஈ கட்ட முடியும் என்றார். திரவம் வெறும் ஸ்பிரிட்டாம். காஷ்மீரில் வேலை பார்த்தபோது ஒரு ஹவில்தார் கற்றுக்கொடுத்ததாம்.

பூச்சியைப் பிடிக்கிறவன் பூச்சி மட்டுமா பிடிப்பான்? பாட்டிலில் கொண்டுவந்ததை ஆற்றில் ஊற்றவும் செய்யலாம்.

பதிவேட்டில்: வானிலை மேகமூட்டம்.

நவம்பர் 18, திங்கள்

மரகதமும் சரியில்லை. வாசலிலேயே ஓடை இருக்க, இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் குழாய்க்குப் போகிறாள். போக வர முக்கால் மணி நேரம். மூன்று நாளாகக் கவனிக்கிறேன். குழாயடியில் டீக்கடைக்காரன் மனைவி இருப்பாள், ஊர்க்கதை பேசத்தான் என்று நினைக்கிறேன். அதற்காக இடுப்பு ஒடியக் குடம் சுமப்பானேன்? நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள்.

வாத்துகளையும் கூண்டிலேயே அடைத்து வைத்திருக்கிறாள்.

நவம்பர் 20, புதன்

சங்கமத்து மடுவில் இரண்டு ட்ரவுட் செத்து மிதந்தன. இரண்டும் சினை மீன்கள். உடம்பில் காயம் இல்லை, கொக்கிபட்ட அடையாளமும் இல்லை. செவுள் மட்டும் வெளுத்திருந்தது. கரையில் குழி தோண்டிப் புதைத்தேன்.

தண்ணீர் கொஞ்சம் பால்போல் கலங்கியிருந்தது. மழை பெய்திருக்கும்.

பதிவேட்டில் எழுதவில்லை. ஆளை நிச்சயம் செய்துகொண்டு எழுதலாம்.

நவம்பர் 22, வெள்ளி

பதினேழு மீன்கள். எண்ணுவதற்கே கை வரவில்லை. சங்கமத்திலிருந்து பெட்டிப்பாறைவரை, கரையோர வேர்களில் சிக்கிக் கிடந்தன. எல்லாம் மேலேறக் கிளம்பியவை. ஒன்றைக் கையில் எடுத்தபோது வயிற்றிலிருந்து முட்டை வழிந்தது. பதினாறு வருடத்தில் இப்படிப் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் அங்கே வந்தார். மீன்களைப் பார்த்து முகம் மாறிவிட்டது. செவுளைத் திருப்பிப் பார்த்தார், தண்ணீரை முகர்ந்து பார்த்தார். என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். நான் நிற்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போய்க் கோயம்புத்தூரில் இருக்கும் செயலாளருக்குப் போன் போட்டேன். ஆற்றில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒருவர்தான் என்றேன். பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். ஓடையிலும் கல் புரட்டினாரா என்று கேட்டார். சங்கமத்தில் பார்த்தேன் என்றேன். வேறு ஏதாவது காரணம் இருக்குமா என்றும் கேட்டார்.

எனக்குத் தெரிந்து இல்லை என்றேன்.

நவம்பர் 23, சனி

லைசென்ஸ் ரத்து. செயலாளர் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார். கோலையும் பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டு ஆளை மதியப் பஸ்ஸில் அனுப்பிவிட வேண்டும்.

சங்க வீட்டு வராந்தாவில் அவர் ஒரு ஈ கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். நூலைப் பல்லால் அறுத்து, அந்த ஈயைப் பெட்டியில் வைத்து, மூடிப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தார்.

“பரஞ்சோதி, ஒரு மணி நேரம் எங்கூட வாங்க. ஓடைப் பக்கமா நடந்துட்டு வருவோம். அப்புறம் நானே போயிடறேன்.”

“ஆர்டர் இல்லீங்க சார்.”

“ஆர்டர் வேண்டாம். நீங்க பாக்கணும், அவ்வளவுதான்.”

“பஸ் ஒன்னரைக்குங்க சார், வந்துடுங்க” என்றேன்.

பஸ்ஸில் ஏறும்போது அவர் அந்தப் பாட்டில்களில் மூன்றைத் துண்டில் சுற்றி என்னிடம் நீட்டினார். சாட்சியமாக இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டேன்.

சந்தேகப்பட்டது சரியாகப் போனால் மனது நிம்மதியாக இருக்கும். இன்று ஏனோ இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

பாட்டில்களில் சிறு காகிதம் ஒட்டி, பல் டாக்டருக்கே உரிய பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார்.

முதலாவது: சங்கமத்துக்குக் கீழே, நவம்பர் 9. அதில் பூச்சிக்குஞ்சுகள் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன, வால் மூன்றாகப் பிரிந்தவை.

இரண்டாவது: சங்கமத்துக்குக் கீழே, நவம்பர் 21. அதில் ஒன்றும் இல்லை. வெறும் ஸ்பிரிட்.

மூன்றாவது: சங்கமத்துக்கு மேலே, ஆறு, நவம்பர் 21. நிறைய இருக்கின்றன.

பாட்டில்களைப் பரணில் வைத்தேன். வாத்துக் கூண்டின் தாழ்ப்பாள் பழுது, அதைச் சரிசெய்தேன். விறகு பிளந்தேன். குமரேசன் சாயங்காலம் ஒரு கூடை கேரட் கொண்டுவந்தான். கண்ணைப் பறிக்கிற நிறம். மரகதம் அதை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினாள். அதுவும் குழாய்த் தண்ணீரில்.

நவம்பர் 25, திங்கள்

ஓடையில் கல் புரட்டினேன். வேறு வேலை இல்லை.

நவம்பர் 26, செவ்வாய்

நேற்று எழுதியதைவிட அதிகம் நடந்தது. எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டருகே இருபது கல் புரட்டினேன். அடியில் ஒரு உயிர் இல்லை. ஓடை வழியாக ஏறிக்கொண்டே போனேன், பத்தடிக்கு ஒரு கல். எதிலும் இல்லை. குமரேசனின் குழாய் தண்ணீரில் இறங்கும் இடத்தைத் தாண்டி, பத்தடி மேலே போய் ஒரு கல்லைத் தூக்கினேன். அடிப்புறம் முழுக்கப் பூச்சிக்குஞ்சுகள் ஊர்ந்தன. அடுத்த கல்லிலும். அதற்கடுத்த கல்லிலும்.

குழாய் முனையருகே நீல டிரம் இருந்தது, பூச்சிமருந்து கலக்குகிற டிரம். பக்கத்துப் புல் கருகியிருந்தது. டிரம்மைக் கவிழ்த்துக் கழுவிய தடம் நேராக ஓடைக்குள் இறங்குகிறது.

குமரேசன் வயலில்தான் இருந்தான். எத்தனை நாளாக இங்கே கழுவுகிறாய் என்று கேட்டேன். பைப் போட்டதிலிருந்துதான் என்றான். வாரத்துக்கு இரண்டு தடவை மருந்து அடிக்கிறானாம், கடைக்காரன் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் கூட. மறைக்கவே இல்லை. மறைக்க வேண்டிய காரியம் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

“மாமா, நீங்கதான இந்த எடத்தக் காட்டுனீங்க? தண்ணி பக்கத்துல இருக்கு, இங்கயே டிரம்ம வச்சுக்கோன்னு?”

நான் காட்டினேன்தான். அது சங்கத்து எல்லைக்குள் இருக்கிற இடம். கமிட்டியின் எழுத்து அனுமதி இல்லாமல் அங்கே ஒரு கொம்பு நடக்கூடாது. அந்த விதியை வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுகிறவனே நான்தான். பத்தாம் தேதி குழாயின் ஒரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினேன். அந்த இடத்தை நான் காட்டியதை இதற்குமுன் எழுதாமல் விட்டது மறதியால் அல்ல.

இன்று காலை மரகதம் குடங்களோடு கிளம்பியபோது வாசலில் மறித்தேன். உன் தம்பி டிரம்மை ஓடையில்தான் கழுவுகிறான் என்று சொன்னேன்.

“தெரியும்” என்றாள்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

“தண்ணியில மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. வாத்து ஒன்னு கழுத்தத் தொங்கப் போட்டுச்சு. அன்னிக்கே தெரியும். ரெண்டு வாரமா நான் கொழாய்த் தண்ணிதான சுமக்கறேன்? எதுக்குடி சுமக்கறேன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?”

கையிலிருந்த குடத்தை வாசற்படியில் இறக்கி வைத்தாள்.

“பாத்துட்டேதான் இருந்தீங்க. கேட்டிருந்தா சொல்லிருப்பேன். நானா சொன்னா எந்தம்பியக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். நீங்க கேட்டா, அது வேற.”

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நவம்பர் 27, புதன்

செயலாளர் போன். தங்கையாமீது வெள்ளிக்கிழமை போலீசில் புகார் கொடுக்கப் போகிறார்களாம், ஆற்றில் விஷம் கலந்ததாக. நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சரிங்க என்று வைத்துவிட்டேன். வேறென்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வருவதற்குள் தெரிந்துவிட்டது. திரும்பிப் போகவில்லை.

சங்கத்துத் தாளில் ஒரு அறிக்கை எழுதினேன். ஓடையின் மேல்பக்கம் கேரட் பயிரிடும் குமரேசன் என்பவர் மருந்து டிரம்மை ஓடையில் கழுவியதால் மீன்கள் இறந்தன, தங்கையா அவர்களுக்கு இதில் சம்பந்தம் இல்லை. பத்து வரி. எழுதி முடித்ததும் பெரிய காரியம் செய்துவிட்டதாகத்தான் தோன்றியது.

அனுப்புவதற்குமுன் மரகதத்திடம் சொல்லிவிட வேண்டும் என்று வாசித்துக் காட்டினேன். அழுவாள், தடுப்பாள் என்று நினைத்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அனுப்புங்க. அவன் செஞ்சது தப்புதான்.” ஒரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டுக் கேட்டாள்: “உங்க பேரு எங்க?”

அடியில் கையெழுத்து இருப்பதைக் காட்டினேன்.

“அதக் கேக்கல. கொழாய்க்கு எடம் காட்டுனது யாரு? அந்த டாக்டரு மேல பழியப் போட்டது யாரு? அது ஒரு வரியிலயும் இல்லியே.”

அரிசித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தாளைக் கிழித்துப்போட்டு மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை இரண்டு பக்கம் வந்தது.

நவம்பர் 28, வியாழன்

தபாலை நம்பவில்லை. முதல் பஸ்ஸில் கோயம்புத்தூர் போனேன். பாட்டில்களையும் எடுத்துக்கொண்டேன்.

செயலாளர் இரண்டு பக்கத்தையும் படித்தார். பிறகு கதவைச் சாத்தினார். இது வெளியே போனால் ஆற்றுக் குத்தகையே கேள்விக்குறியாகும், காவலனே விதியை மீறினான் என்று பேசுவார்கள், வெளியூர் ஆள்மேல் ஒரு புகார் கொடுத்தால் அது நாளைக்கே மறந்துபோகும் என்று மெதுவாக விளக்கினார். நல்லவிதமாகத்தான் பேசினார். என் வேலையையும் குவார்ட்டர்ஸையும் நினைத்துப் பார்க்கச் சொன்னார்.

நினைத்துப் பார்த்தேன். மரகதத்தைக் குவார்ட்டர்ஸிலிருந்து எங்கே கூட்டிக்கொண்டு போவது என்றும் நினைத்தேன். பாட்டில்களை மேஜைமேல் வரிசையாக வைத்தேன்.

“புகார்ல நான் கையெழுத்துப் போட மாட்டேங்க” என்றேன். “போலீஸ் கேட்டா இந்த ரெண்டு பக்கத்தத்தான் சொல்லுவேன்.”

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. ஆட்களை நான் அப்படித்தான் பார்ப்பேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

புகார் கொடுக்கவில்லை என்று தகவல் வந்தது. ஆறு மூடியாகிவிட்டது.

டாக்டரின் கோலையும் பெட்டியையும் பார்சல் செய்து அனுப்பிவிட்டு அவருக்குப் போன் செய்தேன். என்ன சொல்வதென்று காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். முதல் வரியோடு நின்றுவிட்டது. மிச்சத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். பைப்புக்கு இடம் காட்டியதையும், மேலே காடு என்று அவரிடம் சொன்னதையும்.

“அன்னைக்கே எனக்குத் தெரியும், ஓடையிலதான் விஷயம்னு. உங்ககிட்டச் சொல்லத்தான் பாத்தேன்” என்றார். “பஸ்ஸுல எல்லாரும் பாக்கற மாதிரி ஏத்திவிட்டீங்க. அத நான் சீக்கிரம் மறக்க மாட்டேன், பரஞ்சோதி. மறந்துட்டேன்னு சொன்னா பொய்யாயிடும்.”

சரிங்க சார் என்றேன்.

“போன் பண்ணீங்களே. அது வரைக்கும் சரி” என்று வைத்துவிட்டார்.

இதைவிட நல்லதாக ஒன்றை எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது.

டிசம்பர் 7, சனி

குமரேசன் குழாயைக் கழற்றிவிட்டான். நான் கூடமாட ஒத்தாசைக்குப் போனேன், வேண்டாம் என்றான். டிரம்மை வயலின் மறுகோடிக்கு உருட்டிக்கொண்டு போனான். மாமா என்று கூப்பிடவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

கடிதம் வந்தது. ஜனவரி ஒன்றிலிருந்து ஆற்றுக்கு வேறு காவலர். எனக்குச் சங்க வீட்டில் தோட்ட வேலை, கடைக்கோடியில் ஒற்றை அறை. துரத்தவில்லை. நான் எழுதிய அந்த இரண்டு பக்கமும் வெளியே போகாமல் இருக்க, என்னைக் கண்ணெதிரிலேயே வைத்துக்கொள்வதுதான் வசதி என்று நினைத்திருப்பார்கள். அல்லது இரக்கமாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று முன்பானால் ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

சங்கமத்துக்குக் கீழே இந்த வருடம் முட்டை இல்லை. மேலே, ஆற்றில், நாலைந்து ஜோடி சரளையில் வாலால் குழி பறிப்பதைப் பார்த்தேன். பதிவேட்டில் இரண்டையும் எழுதினேன். கட்டம் போதவில்லை, ஓரத்தில் எழுதினேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

மரகதம் ஏழு மணிப் பஸ்ஸில் ஒன்றும் சொல்லாமல் கிளம்பிப் போனாள். புதுச்சேலை கட்டியிருந்தாள். பையில் ஏதோ கனமாக இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பியிடமா, வேறெங்குமா, என்னைவிட்டே போகிறாளா என்று பகல் முழுக்க மனது பத்து வழியில் ஓடியது.

நாலு மணிக்குத் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. நான் டீ போட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“எங்க போய்ட்டு வந்த, மரகதம்?” என்று கேட்டேன்.

டீயை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். டீ ஆறி, ஆடை கட்டிவிட்டது. அவள் நிறுத்தவில்லை. இத்தனை வருடத்தில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அவள் சொன்னதை இந்த நோட்டில் எழுதப் போவதில்லை.